ஆலங்குடி மோட்டாரும் கயத்தாற்றுக் காற்றாலையும்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. உள்ளடங்கிய கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அந்த இருட்டுக்குக் காரணம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கம்பம் விழுந்தது, கம்பி அறுந்தது, டிரான்ஸ்ஃபார்மர் சரிந்தது. மின்தொகுப்பு நிலைகுலைவதால் வரும் இருட்டு வேறு வகை. அதற்கு ஒரு கம்பம்கூடச் சாய வேண்டியதில்லை. எங்கோ ஒரு தடத்தில் ஏற்படும் கோளாறு சில விநாடிகளில் மாநிலங்களைத் தாண்டிப் பரவி, நல்ல நிலையில் இருக்கும் மின்நிலையங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திவிடும்.

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா கண்டது அதைத்தான். ஒரு முக்கியத் தடம் மிகைச்சுமையில் துண்டிக்கப்பட, முதல் நாள் வட மண்டலமும் மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்களும் இருண்டன. அதில் காற்றாலைக்குப் பங்கில்லை. தமிழ்நாடு தப்பியதற்குக் காரணம், தென்மண்டலத் தொகுப்பு அப்போது தனி அலைவெண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தின் வழியே அது நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைந்தது. அன்று முதல் அறந்தாங்கியில் ஓடும் மின்விசிறிக்கும் அமிர்தசரஸில் ஓடும் மின்விசிறிக்கும் ஒரே 50 ஹெர்ட்ஸ். இணைப்பால் கிடைத்த வலிமை பெரிது. அதோடு, ஓரிடத்துத் தடுமாற்றம் எல்லோருடைய கவலையாகவும் ஆனது.

இத்தகைய தடுமாற்றத்தை முன்கூட்டியே கணிப்பது எப்படி? நாட்டின் தொகுப்பையே நிறுத்திப் பார்த்துச் சோதிக்க முடியாது. எனவே பொறியாளர்கள் ஒவ்வொரு மின்னாக்கியையும், தடத்தையும், சுமையையும் சமன்பாடுகளாக எழுதிக் கணினிக்குள் ஒரு தொகுப்பைக் கட்டுகிறார்கள். அங்கே ஒரு தடத்தில் மின்குறுக்கை ஏற்படுத்தி, அடுத்த பத்து இருபது விநாடிகளில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறார்கள். எந்தத் தடத்தில் எத்தனை மெகாவாட் அனுப்பலாம், எங்கே புதிய துணைமின் நிலையம் வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகின்றன. ஆக, சமன்பாடுகளில் இருக்கும் இயந்திரமும் களத்தில் சுழலும் இயந்திரமும் ஒன்றுபோல் நடந்துகொள்ள வேண்டும். காற்றாலைகளைப் பொறுத்தவரை அது நடக்கவில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. தமிழ்நாடு அவற்றைக் கூர்ந்து படிக்க வேண்டிய மாநிலம்.

அனல், நீர், அணு மின்நிலையங்களில் இருப்பது ஒத்தியங்கு மின்னாக்கி. அதை எழுதும் முறை பழையது, பக்குவப்பட்டது. ராபர்ட் பார்க் 1929இல் வெளியிட்ட சமன்பாடுகளே இன்றும் அதற்கு அடித்தளம். இந்தியாவில் பிறந்து கனடாவில் பணியாற்றிய பிரபா குந்தூர் 1994இல் வெளியிட்ட நிலைப்புத்தன்மை நூல் இத்துறையின் பாடநூலாகவே ஆனது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்த நூலில் காற்றாலைக்கென்று தனி அத்தியாயம் இல்லை. அன்றைக்கு உலகின் எந்தப் பெரிய தொகுப்பிலும் காற்று அவ்வளவு பெரிய பங்கு வகிக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1986இல், தூத்துக்குடி வட்டாரத்தில் மாநில மின்வாரியத்தின் முன்மாதிரிக் காற்றாலைகள் சுழலத் தொடங்கிவிட்டன. தொண்ணூறுகளில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் நூற்றுக்கணக்கில் எழும்பின. இயந்திரம் முதலில் வந்தது, அதைப் பற்றிய கணக்குப் பின்னால் வந்தது. இந்த வரிசைதான் இன்றுவரை நம்மைத் தொடர்கிறது.

புதுக்கோட்டை காற்றாலைகளுக்குப் பேர்போன மாவட்டமல்ல. இருந்தாலும் பழைய காற்றாலைக்குள் இருக்கும் இயந்திரத்தை ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்து விவசாயிகள் நன்றாக அறிவார்கள். அது அவர்களுடைய ஆழ்துளைக் கிணற்றுக்குள் இருக்கும் தூண்டல் மோட்டாரேதான். நீர்மூழ்கி மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3000 முறை சுழல்கிறது. ரோட்டார் அதைவிடச் சற்றுப் பின்தங்கி 2850 சுற்று அளவில் ஓடுகிறது. அந்தப் பின்தங்கலுக்கு நழுவல் என்று பெயர். நழுவல் இருந்தால்தான் முறுக்குவிசை பிறக்கும். இதே வகை இயந்திரத்தின் தண்டை வெளியிலிருந்து பிடித்துக் காந்தப்புலத்தைவிட வேகமாகச் சுழற்றினால் அது மின்னாக்கியாகிவிடுகிறது. முப்பந்தலின் முதல் தலைமுறைக் காற்றாலைகளில் இறக்கையும் பல்சக்கரப் பெட்டியும் செய்தது இதைத்தான். 1500 சுற்றுக்கு 1515 என்ற அளவில், ஒரு சதவீத வேக மிகுதியிலேயே முழு மின்சாரமும் வெளியே போகும். துறையில் இதை முதல் வகை என்பார்கள்.

விவசாயி அறிந்த இன்னொரு செய்தியும் இந்த இயந்திரத்தின் மாதிரிக்குள் வந்தாக வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் இழுக்காது. முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், வோல்டேஜ் 70 சதவீதமானால் முறுக்கு 49 சதவீதமாகிவிடும். மோட்டார் திணறி நின்று, பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக் காயில் கருகும். காற்றாலையில் இதன் மறுபக்கம் நடக்கிறது. அங்கே வோல்டேஜ் விழுந்தால் மின்முறுக்கு மறைகிறது, இறக்கையைத் தள்ளும் காற்று மட்டும் குறைவதில்லை. பிடிமானம் இழந்த ரோட்டார் வேகமெடுக்கிறது.

எவ்வளவு வேகம்? சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுழலும் பாகங்களில் சேர்ந்திருக்கும் ஆற்றலை இயந்திரத்தின் திறனால் வகுத்தால் கிடைக்கும் நிலைம மாறிலியை 3.5 விநாடி என்று வைத்துக்கொள்வோம். இந்த வகைக்கு அது வழக்கமான அளவு. அருகிலேயே மின்குறுக்கு ஏற்பட்டு, மின்முறுக்கு முழுதாக மறைந்தால், வேகம் கூடும் விகிதம் என்பது கோளாறு நீடித்த நேரத்தை 7ஆல் வகுத்தது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுத் தொகுப்புத் தரவிதிகளின்படி 220 கிலோவோல்ட் தடத்தில் கோளாறை 160 மில்லி விநாடிக்குள் துண்டிக்க வேண்டும். அப்படித் துண்டித்தால் வேகம் 2.3 சதவீதம் கூடும். ஏற்கெனவே இருந்த ஒரு சதவீதத்தோடு சேர்த்து 3.3. பிரேக்கர் தாமதித்து 300 மில்லி விநாடி ஆகிவிட்டால் 5.3. வலுக்குறைந்த தடத்தின் கோடியில் நிற்கும் இயந்திரத்துக்குத் திரும்பி வரக்கூடிய எல்லை 5 சதவீதத்தை ஒட்டி இருக்கலாம். 3.3இல் நிற்பது பிழைத்துக்கொள்ளும். 5.3க்குப் போனது, வோல்டேஜ் திரும்பிய பிறகும் ஓடிக்கொண்டே போகும். போகும்போது தன் காந்தப்புலத்துக்காகத் தொகுப்பிலிருந்து பெருமளவு ரியாக்டிவ் பவரை உறிஞ்சும். அதனால் அக்கம்பக்கத்து வோல்டேஜ் எழும்பாது. பக்கத்துக் காற்றாலைகளும் அதே கதிக்கு ஆளாகும்.

இங்கே நிலைப்புக்கும் குலைவுக்கும் நடுவே இருப்பது 140 மில்லி விநாடி. மாதிரியில் நிலைம மாறிலியைத் தவறாக இட்டாலோ, இறக்கைக்கும் மின்னாக்கிக்கும் இடையிலான தண்டை முறுகாத ஒற்றை இரும்பாகக் கருதினாலோ விடை தலைகீழாக மாறிவிடும். காற்றாலையின் தண்டு அனல் நிலையத்துத் தண்டுபோல் விறைப்பானதன்று. கோளாறின்போது முறுகிச் சேமித்த ஆற்றலை அது பின்னர் விடுவிக்கிறது. வேகம் விநாடிக்கு ஓரிரு முறை ஏறி இறங்குகிறது. ஆகவே முதல் வகைக்கு இரண்டு நிறைகளும் நடுவில் ஒரு சுருள்வில்லும் கொண்ட சமன்பாடு கட்டாயம்.

அடுத்து வந்த வகைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் வகையில் ரோட்டாரோடு மின்தடை ஒன்றைச் சேர்த்து நழுவலைப் பத்து சதவீதம்வரை விட்டுக்கொடுத்தார்கள். மூன்றாம் வகையில் ரோட்டாருக்கு ஒரு கன்வெர்ட்டர் வழியாக மின்சாரம் ஊட்டப்படுகிறது. இயந்திரத் திறனில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள கன்வெர்ட்டரே போதும் என்பதால் செலவு குறைவு. இரண்டாயிரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் நிறுவப்பட்டவற்றில் இது ஏராளம். நான்காம் வகையில் மின்சாரம் முழுவதும் கன்வெர்ட்டர் வழியாகவே வெளியேறுகிறது. இறக்கை என்ன வேகத்தில் சுற்றினாலும் தொகுப்புக்குத் தெரியாது. அதாவது, இயந்திரத்தின் நிலைமம் தொகுப்பிலிருந்து பிரிந்துவிடுகிறது. இதன் நடத்தையை இரும்பும் செம்பும் தீர்மானிப்பதில்லை. மென்பொருள் தீர்மானிக்கிறது.

இந்த மாற்றத்தை நான் மிகப் பெரிதாகக் கருதுகிறேன். இரும்பையும் செம்பையும் அளந்து எழுதிவிடலாம், அவை நாளை மாறாது. மென்பொருளில் ஓர் எண்ணைத் திருத்தினால் நேற்றைய மாதிரி இன்று செல்லாது. மூன்றாம் வகையில், வோல்டேஜ் திடீரென விழும்போது கன்வெர்ட்டரைக் காக்க ரோட்டார்ச் சுற்றைக் குறுக்கிடும் கிரோபார் என்ற பாதுகாப்பு அமைப்பு உண்டு. அது செயல்படும் நொடியில், நவீன இயந்திரம் கட்டுப்பாடிழந்து முப்பந்தலின் பழைய தூண்டல் இயந்திரம் போலாகிவிடுகிறது. கிரோபார் எந்த மின்னோட்டத்தில் இயங்கும், எப்போது விலகும் என்பது மாதிரியில் இல்லையென்றால், கணினித் திரையில் வளைகோடு அழகாக மீண்டு வரும். களத்தில் வராது.

எழுதப்படாத ஓர் எண் என்ன செய்யும் என்பதைத் தெற்கு ஆஸ்திரேலியா 2016 செப்டம்பர் 28 அன்று கண்டது. சூறாவளிக் காற்றில் 275 கிலோவோல்ட் கோபுரங்கள் சாய்ந்தன. இரண்டு நிமிடத்துக்குள் தொகுப்பில் ஆறு முறை வோல்டேஜ் விழுந்து எழுந்தது. ஒவ்வொரு விழுச்சியையும் தாங்கும் திறன் காற்றாலைகளுக்கு இருந்தது. ஆனால் குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை தடவைக்கு மேல் வோல்டேஜ் விழுந்தால் விலகிக்கொள் என்று அவற்றுள் பலவற்றின் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓர் எண் பதிந்திருந்தது. அந்த எண் தொகுப்பை இயக்கும் அமைப்புக்குத் தெரியாது. அதனிடம் தரப்பட்ட மாதிரிகளிலும் இல்லை. ஏழு விநாடிக்குள் 456 மெகாவாட் காணாமல் போனது. அந்தப் பள்ளத்தை நிரப்ப விக்டோரியாவிலிருந்து வரும் ஹேவுட் இணைப்பு மிகைச்சுமை ஏற்றுத் துண்டித்துக்கொண்டது. மாநிலம் முழுவதும், எட்டரை லட்சம் நுகர்வோர், இருளில் ஆழ்ந்தனர். காற்றாலைகளால் வந்த வினை என்று அரசியல் மேடைகளில் பேசினார்கள். ஆய்வறிக்கை சொன்னது வேறு: அந்த எண்ணை மாற்றினால் போதும். மாற்றினார்கள். தீர்வு அவ்வளவு எளிதாக இருந்தது. அது தெரியாமல் போனதற்கு விலை ஒரு மாநிலம்.

டெக்சாஸில் 2009இல் நடந்தது இன்னொரு வகை. நீண்ட தடத்தின் மின்தடுப்பைக் குறைக்கத் தொடராக இணைத்திருந்த மின்தேக்கிகளும் மூன்றாம் வகைக் காற்றாலைகளின் கன்வெர்ட்டரும் ஒன்றையொன்று தூண்டி, அங்குள்ள 60 ஹெர்ட்ஸுக்குக் கீழான அலைவெண்ணில் ஊசலாட்டம் நொடிக்கு நொடி வளர்ந்து கருவிகள் பழுதாயின. நிலைப்பு ஆய்வில் வழக்கமாகப் பயன்படும் எளிய மாதிரிகள் இதைக் காட்டவே காட்டாது. அவை மின்னலையின் சராசரி உயரத்தை மட்டும் பின்தொடர்கின்றன. அலையின் ஒவ்வொரு புள்ளியையும் மைக்ரோ விநாடிக் கணக்கில் பின்தொடரும் நுண்மாதிரிகள் இதற்குத் தேவை. கணினிக்கு அவை பெருஞ்சுமை. ஆகவே எங்கே எளிய மாதிரி போதும், எங்கே நுண்மாதிரி வேண்டும் என்று தீர்மானிப்பதே தனிக் கலையாகிவிட்டது. நிலைப்புத்தன்மைக்கு 2004இல் தரப்பட்ட வரையறை கோணம், வோல்டேஜ், அலைவெண் என்ற மூன்றோடு நின்றது. பின்னர் வந்த திருத்தத்தில் கன்வெர்ட்டரால் எழும் நிலையின்மையும் ஒத்ததிர்வும் தனிப் பிரிவுகளாகச் சேர்க்கப்பட்டன.

இனி நம் ஊருக்கு வருவோம். வோல்டேஜ் விழும்போது காற்றாலை விலகாமல் நிற்க வேண்டும் என்ற விதியை மத்திய மின்சார ஆணையம் 2013 திருத்தத்தில் கொண்டுவந்தது. வோல்டேஜ் 15 சதவீதமாகச் சரிந்தாலும் 300 மில்லி விநாடி தாங்க வேண்டும், 3 விநாடிக்குள் 85 சதவீதத்துக்கு மீளும்வரை இணைப்பிலேயே இருக்க வேண்டும். இது 2014 ஏப்ரல் 15க்குப் பின் இயக்கத்துக்கு வருபவற்றுக்கு. 2019இல் வோல்டேஜ் மிகும்போதும் தாங்கி நிற்கும் கடமை சேர்ந்தது. ஆனால் தமிழ்நாட்டில் இன்றிருக்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மெகாவாட்டில் ஏழாயிரத்துக்கும் அதிகமானவை அந்தத் தேதிக்கு முன்பே நிறுவப்பட்டவை. பெங்களூரிலுள்ள தென்மண்டலச் சுமைப் பகிர்வு மையம் இந்தப் பிரச்சினையை 2014ஆம் ஆண்டின் மனு ஒன்றில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வைத்தது. காரணம், தடத்தில் ஏற்படும் சாதாரணக் கோளாறுக்கே பழைய காற்றாலைகள் கூட்டமாக விலகிக்கொண்டிருந்தன.

தமிழ்நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வெளிநாட்டு நூல்களில் காற்றாலைப் பண்ணை என்றால் ஒரே உரிமையாளர், ஒரே வகை இயந்திரம், ஒரே கட்டுப்பாட்டறை. ஐம்பது இயந்திரங்களை ஒரு பெரிய இயந்திரமாகச் சுருக்கி எழுதிவிடலாம். உடுமலையிலோ முப்பந்தலிலோ ஒரே துணைமின் நிலையத்தின் பின்னால் 225 கிலோவாட் பழைய தூண்டல் இயந்திரமும் 2 மெகாவாட் கன்வெர்ட்டர் இயந்திரமும் அடுத்தடுத்த காட்டில் நிற்கின்றன. சொந்தக்காரர்கள் பெரும்பாலும் நூற்பாலைகள், சிறு முதலீட்டாளர்கள். தங்கள் ஆலைக்கு யூனிட் வந்தால் சரி. காற்றாலையை விலக்கும் பாதுகாப்பு ரிலேயில் என்ன எண் வைக்கப்பட்டிருக்கிறது என்று அவர்களிடம் கேட்டால் பராமரிப்பு ஒப்பந்தக்காரரைக் கைகாட்டுவார்கள். இயந்திரத்தைச் செய்த நிறுவனங்களில் சில இன்று இல்லவே இல்லை. இருக்கும் நிறுவனங்கள் தங்கள் மாதிரியை உள்ளே திறந்து பார்க்க முடியாத கறுப்புப் பெட்டியாகத் தருகின்றன. இதற்கு மாற்றாகத்தான் அமெரிக்க மேற்குத் தொகுப்பின் பொதுமாதிரிகளும், 2015இல் முதல் பதிப்பு கண்ட ஐஇசி 61400-27 தரநூலும் வந்தன. எல்லா நிறுவனத்துக்கும் ஒரே திறந்த சமன்பாடு, எண்களை மட்டும் இட்டு நிரப்பினால் போதும். திறந்த மாதிரியின் துல்லியம் சற்றுக் குறைவு என்று நிறுவனங்கள் சொல்வது உண்மையே. ஆனாலும் பொதுத் தொகுப்பைக் காக்கும் கணக்கு, நான்கு பேர் பார்த்துச் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

இந்தக் கணக்கில் புதுக்கோட்டைக்கு என்ன பங்கு? தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்கள் வழியே வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில் புதுக்கோட்டைக்குப் பெரிய மழை இல்லை. பூந்தோட்டமும் வாழையும் போர் தண்ணீரில்தான் நிற்கின்றன. தெற்கே காற்றாலைகள் முழு வீச்சில் சுழலும்போது இங்கே மோட்டார்கள் முழு நேரமும் ஓடுகின்றன. கயத்தாறிலிருந்து காரைக்குடி வழியாகப் புகளூர் போகும் 400 கிலோவோல்ட் தடம் காற்று மின்சாரத்தை வடக்கே கொண்டுபோகத் திட்டமிடப்பட்டது. காரைக்குடி இந்த மாவட்டத்தின் தெற்கு எல்லையை ஒட்டிய ஊர். அந்தத் தடத்தில் வோல்டேஜ் விழுந்தால் ஒரு பக்கம் தூண்டல் மின்னாக்கிகள் வேகமெடுக்க, இன்னொரு பக்கம் தூண்டல் மோட்டார்கள் வேகமிழக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ரியாக்டிவ் பவரைத் தேடும்.

ஒரு மோட்டார்க் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சுவரில் ஸ்டார்ட்டர். அதற்குள் நோவோல்ட் காயில். பச்சைப் பொத்தானை அழுத்தினால் அந்தக் காயில் காந்தமாகித் தொடுமுனைகளைப் பிடித்துக்கொள்ளும். வோல்டேஜ் போதாவிட்டால் டப்பென்று விட்டுவிடும். மோட்டார் நின்றுவிடும். மோட்டாரைக் காக்க வைத்த இந்தச் சிறு காயில் தொகுப்பையும் காக்கிறது. திணறும் மோட்டார்கள் தாமாகவே விலகிக்கொள்வதால் வோல்டேஜ் எழும்ப வழி கிடைக்கிறது. ஆனால் இரவில் எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்த முடியாத விவசாயி ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. மும்முனை மின்சாரம் திரும்பிய சிறிது நேரத்தில் அந்த மோட்டார்கள் எல்லாம் ஒருசேரக் கிளம்பும். ஒவ்வொன்றும் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் கேட்கும். நிலைப்பு ஆய்வில் ஒரு மாவட்டத்துச் சுமையை இத்தனை மெகாவாட் என்று ஒற்றை எண்ணாக எழுதிவிட்டால் இந்த நடத்தை முழுவதும் மறைந்துபோகும். காற்றாலைக்கு எவ்வளவு நுட்பமான சமன்பாடு எழுதினாலும், எதிர்ப்புறத்தில் ஆலங்குடி மோட்டாரைத் தவறாக எழுதினால் விடை தவறுதான்.

மாதிரி சரியா என்று அறிய ஒரே வழி, நிஜமாக நடந்ததோடு ஒப்பிடுவது. நம் துணைமின் நிலையங்களில் கோளாறுப் பதிவுக் கருவிகள் உள்ளன. பெரிய நிலையங்களில், செயற்கைக்கோள் நேரத்தோடு ஒத்திசைந்து விநாடிக்குப் பல முறை அளவெடுக்கும் கருவிகளும் வந்துவிட்டன. பருவக்காற்று நாட்களில் தடக் கோளாறுகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றும் செலவில்லாமல் கிடைக்கும் ஒரு சோதனை. அந்தப் பதிவை எடுத்து, அதே கோளாறைக் கணினியில் நிகழ்த்தி, இரண்டு வளைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் எந்த எண் பொய் என்று தெரிந்துவிடும். ராஜஸ்தானில் 2022இல் சூரிய, காற்று மின்நிலையங்கள் பலமுறை ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் ஒரேயடியாக விலகிய பிறகுதான் இத்தகைய ஒப்பீடு அங்கே சூடுபிடித்தது. நாம் அப்படி ஓர் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது அதற்கு வாய்ப்பான நேரமும் கூட. பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் மாற்றவும் தமிழ்நாடு அரசு 2024இல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. முதல் வகை இயந்திரங்கள் இறங்கி நான்காம் வகை ஏறும்போது தொகுப்பின் குணமே மாறும். புதிய இயந்திரத்துக்கு இணைப்பு வழங்கும் அன்றே அதன் சரிபார்த்த மாதிரியையும், விலகல் எண்கள் அத்தனையையும் தமிழ்நாடு மின்தொடரமைப்புக் கழகம் எழுத்தில் வாங்க வேண்டும். மென்பொருளைத் திருத்தினால் உடனே தெரிவிக்கும் கடமையும் அதில் இருக்க வேண்டும். கயத்தாற்றில் ஆய்வுக்களம் வைத்திருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனமும், திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகம் போன்ற கல்வி நிறுவனங்களும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பை ஏற்கலாம். கோளாறுப் பதிவுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுவதில் எவருடைய வணிக இரகசியமும் போய்விடாது. அடுத்த காற்றுப் பருவம் முடிந்ததும், அந்தப் பருவத்தில் நடந்த பெரிய கோளாறுகளில் நம் மாதிரிகள் சொன்னது என்ன, நடந்தது என்ன என்ற ஒப்பீட்டறிக்கை ஒன்றைத் தென்மண்டல மையமும் மாநில மின்தொடரமைப்புக் கழகமும் சேர்ந்து பொதுவில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.